ஒரு கண் மட்டும் திறந்த ருக்குமணி

மார்கழி 3, புதன்

காரை வெளியே பனியில் நிறுத்திவிட்டு என்னைக் கார் ஷெட்டுக்குள் தள்ளிவிட்டார்கள். குன்னூர் மார்கழிக் குளிர் காருக்கே தாங்காது, காலையில் இருமி இருமித்தான் கிளம்பும். எழுபத்தொரு வயதுக்காரிக்குத் தாங்கும் என்று முடிவு செய்தது மருமகள் சுகந்தி. பெயிண்ட் வாசனைக்கு அவளுக்குத் தும்மல் வருமாம். அவள் அடித்துக்கொள்ளும் சென்ட்டுக்கு, அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் தும்முகிறேன். யாராவது அவளை ஷெட்டுக்கு அனுப்பினார்களா? போகட்டும். எழுதி வைத்தாயிற்று.

விஷயம் இதுதான். பேத்தி தாரணிக்குத் தை பத்தாம் தேதி கல்யாணம். இப்போதெல்லாம் சீர்வரிசைத் தட்டில் பழமும் இனிப்பும் மட்டும் வைத்தால் போதாதாம், ஒரு தட்டில் பொம்மையும் வைக்க வேண்டுமாம். நடுவில் மணவறை, சுற்றிலும் சொந்தக்காரர்கள், ஆளுக்குக் கட்டைவிரல் உயரம். கோயம்புத்தூர்க் கடையில் காட்டிய பொம்மைகளுக்கெல்லாம் ஒரே முகம்.

"நம்ம சொந்தத்துல ரெண்டு பேருக்கு ஒரே மூஞ்சி இருக்குமா அப்பத்தா?" என்றாள் தாரணி.

வர்ணம் பூசாத மண் பொம்மைகளாக வாங்கி வரச் சொன்னேன். கல்யாணமான புதிதில் இந்த ஊர்க் கடை ஒன்றுக்கு மரப் பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் வைத்துக் கொடுத்த கை இது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டுப்போனது. ஆனால் ஒருமுறை பார்த்த முகம் எனக்கு மறக்காது. ஒருமுறை கேட்ட சொல்லும் மறக்காது.

மார்கழி 5, வெள்ளி

பெயிண்ட் காயவில்லை. நேற்று முன்தினம் பூசிய சம்பந்தியம்மாள் இன்றும் பிசுபிசு என்று இருக்கிறாள். நேரிலும் அப்படித்தான்.

மார்கழி 7, ஞாயிறு

விரல் விறைத்துப் போகிறது. தூரிகை நடுங்கினால் புருவம் நெளிகிறது. தாரணியின் தாய்மாமனுக்கு ஒரு புருவம் நெற்றி வரை ஏறிவிட்டது. அழிக்கலாமா என்று யோசித்தேன். என் முழங்கால் ஆபரேஷனுக்குப் பார்க்க வந்தவன், எனக்கென்று கொண்டு வந்த ஆரஞ்சை அவனே உரித்துத் தின்றுவிட்டுப் போனான். புருவம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் பொம்மையை இன்று பூசி முடித்தேன். இரண்டு காதும் நன்றாகத் தெரியும்படி, கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. போட்டோ எடுக்கும் நேரத்தில் என் ஓரகத்தி ருக்குமணி, அதாவது அவர் தம்பி பெண்டாட்டி, எங்கிருந்தோ வந்து எனக்கு முன்னால் நின்றாள். போட்டோவில் என்னுடையது என்று ஒரு காதுதான் தெரிகிறது. மாலை போட்டவள் நான். தாலி கட்டிக்கொண்டவள் நான். பார்க்கிறவர்கள் அவளுக்குத்தான் அறுபதாம் கல்யாணம் என்று நினைப்பார்கள். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். நான்கு வருடத்துக்கு முன்னால் கொழுந்தனார் இறந்தபோது மேட்டுப்பாளையத்தில் அவள் வீட்டிலேயே காரியம் முடியும் வரை இருந்து எல்லோருக்கும் சமைத்தேன். பேசவில்லை.

இன்று தாரணி வந்து பொம்மைகளை எண்ணிப் பார்த்தாள்.

"சின்ன அப்பத்தா எங்க?"

"தட்டுல எடமில்ல."

"உனக்கே ரெண்டு காதுக்கு எடம் இருக்கு. பத்திரிகையும் அவங்களுக்கு மட்டும்தான் வெக்கல. எப்பப் போற?"

"மார்கழியில பத்திரிகை வெக்கக் கூடாது."

"மத்தவங்களுக்கெல்லாம் கார்த்திகையிலேயே வெச்ச இல்ல? அப்ப எங்க போச்சு?"

எங்கள் பக்கத்தில் நெருங்கிய சொந்தத்துக்குப் பெரியவர்கள் நேரில் போய், அவர்கள் வீட்டு வாசலில் நின்று, வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். போனில் சொன்னால் கணக்கில்லை. அப்படி அழைக்காவிட்டால் ருக்குமணி சாகும்வரை இந்த வாசல் மிதிக்க மாட்டாள். அவ்வளவு வீம்புக்காரி. வீம்பெல்லாம் எனக்குப் பிடிக்காது.

"அவங்க வரலேன்னா மணவறையில உம்முன்னுதான் உக்காந்திருப்பேன். போட்டோவுல அப்படியே விழட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள் தாரணி. கைக்குழந்தையில் இவளை மடியில் போட்டு வளர்த்தவள் ருக்குமணி. நான் அதை மறந்துவிட்டேன் என்று நினைக்கிறாள்.

மார்கழி 10, புதன்

பொம்மைகளைக் காய வைக்க ஒரு யோசனை தோன்றியது. வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி அதன்மேல் சொந்தக்காரர்களை வரிசையாகப் படுக்க வைத்தேன். நன்றாகத்தான் காய்ந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் குரங்குக் குல்லாவோடு வந்தார். இடுப்பு வலி என்று சொல்லிக்கொண்டே துண்டோடு பையைத் தூக்கி முதுகில் வைத்துச் சாய்ந்துவிட்டார்.

அவர் சட்டை முதுகில் இப்போது சம்பந்தி வீட்டார் ஐந்து பேர் ஒட்டியிருக்கிறார்கள். ஒருவருக்குத் தலைப்பாகை போய்விட்டது.

"எதோ குத்துதேன்னு பாத்தேன்" என்றார்.

மார்கழி 13, சனி

இன்று பெரிய நஷ்டம். பளபளப்பாக இருக்கட்டும் என்று எல்லோருக்கும் வார்னிஷ் அடித்தேன். பனி நேரத்தில் வார்னிஷ் அடித்தால் பால் போல் வெளுக்கும் என்று தெரியும். தெரிந்தே அவசரப்பட்டேன். சிறிது நேரத்தில் குடும்பம் மொத்தமும் முகப்பவுடர் டப்பாவில் விழுந்து எழுந்த மாதிரி நின்றது.

வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். "எல்லாரும் நல்ல நெறமாத்தான் ஆயிட்டாங்க" என்றார்.

அட்டைப்பெட்டிக்குள் கோழிக்குஞ்சுக்குப் போடுகிற மாதிரி குண்டு பல்பு எரியவிட்டு, உள்ளே நிற்க வைத்து, இன்னொரு பூச்சு அடித்தேன். மெல்ல மெல்லப் பழைய நிறத்துக்கு வந்தார்கள். சம்பந்தியம்மாள் மட்டும் வெள்ளையாகவே இருக்கட்டும் என்றாள் சுகந்தி. அந்த அம்மாவுக்குப் பிடிக்குமாம். முதல் முறையாக மருமகள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது.

மார்கழி 15, திங்கள்

தட்டில் ஒரு மூலை காலியாகத் தெரிந்தது. அதை அடைக்க ஏதாவது வேண்டுமே என்று ருக்குமணியைப் பூசினேன். வேறு ஒன்றுமில்லை.

மூக்குத்தி வலது பக்கம். இடது கன்னத்தில் மச்சம், அது சிரிக்கும்போது கொஞ்சம் மேலே ஏறும். கொண்டை எப்போதும் இடப்பக்கம் சாயும், சொன்னாலும் சரி செய்ய மாட்டாள். சேலை, தாரணிக்குப் பெயர் வைத்த அன்று கட்டியிருந்த கத்தரிப்பூ நிறம், மாங்காய்க் கரை. கட்டைவிரல் அளவுப் பொம்மையில் மாங்காய்க் கரை போடக் காலையிலிருந்து சாயங்காலம் ஆகிவிட்டது. இவளுக்கு இது அதிகம்.

மார்கழி 18, வியாழன்

பொம்மைக்குக் கண் கடைசியில்தான். அதுவரை அது வெறும் மண். குளித்துவிட்டு, சூடம் காட்டி, எல்லோருக்கும் கண் திறந்தேன். ருக்குமணிக்குத் திறக்கவில்லை. அழைக்காதவளுக்கு எப்படித் திறப்பது? அவள் பாட்டுக்குக் கல்யாணத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டால்? முகத்தில் கண் இருக்கும் இடத்தை வெறுமனே விட்டு, முன் வரிசையில் நிறுத்தினேன். பின் வரிசையில் இடமில்லை.

தாரணி ஓடி வந்து செல்போனில் படம் பிடித்து, என்னைக் கேட்காமல் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள்.

மார்கழி 19, வெள்ளி

எல்லோரும் கைகூப்பும் படம் அனுப்பியிருக்கிறார்கள். ருக்குமணி பார்த்துவிட்டாள் என்று செல்போன் காட்டுகிறதாம். பதில் இல்லையாம். நான் ஒன்றும் கேட்கவில்லை. தாரணி அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கேட்டேன், அவ்வளவுதான்.

கார்த்திகைக் கடைசியில் ருக்குமணிக்கு இடது கண்ணில் புரை எடுத்தார்கள், பக்கத்து வீட்டுப் பெண்தான் துணைக்குப் போனாள், சொட்டு மருந்தை அவளே விட்டுக்கொள்கிறாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

மார்கழி 20, சனி

ருக்குமணி வந்துவிட்டாள்.

காலையில் ஷெட் கதவைத் திறந்தால் வாசலில் கறுப்புக் கண்ணாடி, காதைச் சுற்றி மப்ளர், கையில் தூக்குப்போசி.

"யாரக் கேட்டு எனக்குக் கண்ணில்லாம வெச்சீங்க?" என்றாள்.

பதினைந்து வருடத்துக்குப் பிறகு முதல் பேச்சு இது.

"வா" என்று வாய் வரை வந்தது. மென்று விழுங்கினேன். "எதுக்கு வந்த?" என்றேன்.

"சண்டைக்கு வந்தேன். கண்ணு ஆபரேஷன் பண்ணிட்டு நானே தட்டுத் தடுமாறிட்டிருக்கறேன். ஊரு பூரா பாக்கற மாதிரி குருடியாப் போட்டு அனுப்புறீங்களா? எத்தன பேரு போன் பண்ணிக் கேட்டாங்க தெரியுமா?"

"குருடியில்ல. கண்ணு இன்னும் தெறக்கல."

"எதுக்குத் தெறக்கல?"

காரணத்தைச் சொன்னால் அழைத்த மாதிரி ஆகிவிடும். சத்தம் கேட்டுச் சுகந்தி ஓடி வந்து, "வாங்க சின்னத்தை, உள்ள வாங்க, காபி போடறேன்" என்றாள்.

"அழைக்காத வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன் சாமி. ஷெட்டு வீடாகாது. இங்கயே நின்னு சண்ட போட்டுட்டுப் போயிக்கறேன்."

நின்றுகொண்டு போடுவது கஷ்டம் என்று பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். தூக்குப்போசியைத் திறந்து அவளே கொண்டு வந்த தக்காளிச் சாதத்தைச் சாப்பிட்டாள். எனக்கு நீட்டினாள். சண்டைக்காரி கையால் சாப்பிட நான் என்ன சோற்றுக்கு வழியில்லாதவளா? ஒரு வாய் மட்டும் வாங்கினேன். உப்பு குறைவு என்று சொன்னேன். அது சண்டையில் சேர்த்திதான்.

சாயங்காலம், "இன்னும் முடியல. நாளைக்கு வர்றேன்" என்று பக்கத்தில் அருவங்காட்டில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மார்கழி 21, ஞாயிறு

வந்தாள். சண்டை போட்டாள். மதியம் எலுமிச்சைச் சாதம்.

மார்கழி 22, திங்கள்

வந்தாள். உப்பு சரியாக இருந்தது. சொல்லவில்லை.

"மாமாவுக்கு மீச கீழ் நோக்கித்தான் இருக்கும். நீங்க என்ன மேல தூக்கி விட்டிருக்கீங்க?" என்று எங்கள் வீட்டுக்காரர் பொம்மையைக் கையில் எடுத்தாள்.

"என் புருசன் மீச எனக்குத் தெரியாதா?"

"கூட இருக்கறவங்களுக்கு எங்க தெரியுது? தூரத்துல இருந்து பாக்கறவங்களுக்குத்தான் தெரியும்."

அவரையே கூப்பிட்டோம். குல்லாவைத் தூக்கி மீசையைக் காட்டினார். பனியில் ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே நின்றது. "ரெண்டு பேரும் சொல்றது சரிதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஐம்பது வருடமாக இவர் இப்படித்தான்.

மார்கழி 25, வியாழன்

இன்று நிஜச் சண்டை.

அவள்தான் ஆரம்பித்தாள். தலை குனிந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, சத்தமே இல்லாமல்.

"எனக்குத் தெரியுமுங்கக்கா. அவரு போனதுக்கப்பறம் எனக்கு ஒரு விசேசத்துக்கும் அழைப்பு வர்றதில்ல. வந்தாலும் நேர்ல வந்து வெக்கறதில்ல, பத்திரிகையக் கதவிடுக்குல சொருகிட்டுப் போயிடறாங்க. தாலியில்லாதவ முன்னால வந்து நின்னா ஆகாதுன்னுதான் நீங்களும் கூப்பிடல. அதையும் நேராச் சொல்லியிருக்கலாம். கண்ணில்லாமப் போட்டுத்தான் சொல்லோணுமா?"

எனக்கு வந்த கோபத்தில் தூரிகை உடைந்துவிட்டது. நல்ல தூரிகை.

"என்னை என்னன்னுடி நெனச்ச? அவ்வளவு கேவலமானவளா நானு? அதுக்கெல்லாமா உன்னைக் கூப்பிடாம இருப்பேன்? போட்டோவுக்குடி! போட்டோவுக்காகத்தான்டி கூப்பிடல!"

"எந்தப் போட்டோ?"

எந்தப் போட்டோவாம். அறுபதாம் கல்யாணம், மாலை, காது, எல்லாவற்றையும் சொன்னேன். அன்று எந்தப் பந்தியில் யார் பக்கத்தில் உட்கார்ந்தோம் என்பது வரை சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாயைப் பிளந்து கேட்டாள்.

"அந்தப் போட்டோவுலயா? அதுல எனக்குக் கண்ணு மூடியிருக்கேக்கா. தூங்கற மாதிரி நிக்கறேன். அவமானத்துல எங்கூட்டுல மாட்டவே இல்ல. உங்களுக்காவது காது நல்லா விழுந்திருக்கு."

அவளுக்குக் கண் மூடியிருப்பது எனக்குத் தெரியாதா? பதினைந்து வருடமாக அதைப் பார்த்துத்தானே ஆறுதல் பட்டுக்கொண்டிருந்தேன். அதையும் சொல்லிவிட்டேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த சிரிப்பில் பெயிண்ட் டப்பாவிலிருந்து சரிந்தாள். மச்சம் மேலே ஏறியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளிரில் தாடை நடுங்கியது, பார்க்க அப்படித் தெரிந்திருக்கும்.

மார்கழி 29, திங்கள், போகி

சண்டை முடிந்துவிட்டதால் இனி எதற்கு வருகிறாள் என்று கேட்டேன். கண்ணைத் திறக்கும் வரை முடியாது என்றாள். நியாயம்தான்.

"எதிர்ல உக்காந்திருக்கேனில்ல. பாத்துப் போடுங்க."

கண் போடுவதென்றால் ஆளைப் பார்க்க வேண்டும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல், வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பி உட்கார்ந்தாள். பார்த்தேன். நான் வைத்திருந்த முகம் பதினைந்து வருடம் பழையது. கண்ணுக்குக் கீழே இவ்வளவு பள்ளம் எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இடது கண்ணை மட்டும் திறந்தேன். ஆபரேஷன் செய்த கண். "இன்னொண்ணு?" என்றாள். முறைப்படி அழைத்த பிறகுதான் என்றேன். பொம்மையை உயர்த்திப் பார்த்தாள்.

"கண்ணடிக்கறவ மாதிரி இருக்கேனுங்கக்கா. மாப்பிள்ள ஊட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க?"

"அப்ப வா கல்யாணத்துக்கு" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஷெட்டில் வைத்து அழைத்தால் அது அழைப்பா? மார்கழி வேறு. முறை என்று ஒன்று இருக்கிறது. அவள் வீட்டு வாசலில் நின்று, வெற்றிலை பாக்கோடு அழைக்க வேண்டும். அவளோ இங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

"தை பொறந்ததும் உங்கூட்டுக்கு வர்றேன். நீ ஊட்டுல இருக்கோணும்" என்றேன்.

"தனியா எப்படிப் போறது? பஸ்ல கூட்டமா இருக்குமே" என்றாள்.

தை 1, செவ்வாய்

பொங்கல். வெல்லம் கொஞ்சம் கூடிவிட்டது. ஒரு கிண்ணம் ஷெட்டில் வைத்தேன். யாருக்கென்று சொல்லவில்லை. சாயங்காலம் பார்த்தால் காலியாக இருந்தது.

தை 3, வியாழன்

இன்று ருக்குமணியை அழைக்கப் போனோம். நான், வீட்டுக்காரர், ருக்குமணி மூவருமாக.

பஸ்ஸில் அவளைத் தனி சீட்டில் உட்காரச் சொன்னேன். இன்னும் அழைக்கவில்லையே. வளைவுகளில் எனக்குத் தலை சுற்றும் என்று அவள் பின்னாலிருந்து எலுமிச்சம்பழம் நீட்டினாள். பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

மேட்டுப்பாளையத்தில் நல்ல வெயில். வீட்டுக்காரர் குல்லாவைக் கழற்றவில்லை. அவள் தெரு முனையிலேயே எங்களை நிறுத்திவிட்டு, "கொஞ்சம் பொறுத்து வாங்க" என்று முன்னால் ஓடினாள். பொறுத்துப் போனோம். கதவு சாத்தியிருந்தது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை. அதோடு நான் மல்லிகைச் சரமும் குங்குமமும் வைத்திருந்தேன். எல்லோர் வீட்டுக்கும் எப்படிக் கொண்டு போனேனோ அப்படித்தான்.

தட்டினேன்.

"யாருங்க?" என்று உள்ளிருந்து குரல்.

"நாந்தான்டி."

"நாந்தான்னா ஆரு?"

"நாச்சம்மா. குன்னூர்ல இருந்து வர்றேன்."

வெகுநேரம் திறக்கவில்லை. திறந்தபோது சேலை மாற்றியிருந்தாள், தலை வாரியிருந்தாள், கொண்டை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. "அடடே! வாங்கக்கா, வாங்க மாமா! என்ன இப்படிச் சொல்லாமக் கொள்ளாம?" என்றாள்.

"உங்கூடத்தான பஸ்ஸுல..." என்று ஆரம்பித்தவரின் தொடையைக் கிள்ளினேன்.

தாம்பாளத்தை நீட்டினேன். கை பத்திரிகை வரை வந்தது. பூவைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"எடு" என்றேன்.

"வேண்டாங்கக்கா. ஆராவது பாத்தா..."

"எடுடி. கை வலிக்குது."

எடுத்துக்கொண்டாள். பத்திரிகையைப் பிரித்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, "தாரணிக்கா கல்யாணம்? ரொம்ப சந்தோசம். பத்தாம் தேதிங்களா? அன்னைக்கு எனக்கு வேற ஒரு சோலி இருக்குதே. பாக்கறேன்" என்றாள்.

தை பத்தில் அவளுக்கு என்ன சோலி? ஒன்றுமில்லை என்று தெரிந்தும் வாய் முந்திக்கொண்டது.

"நீ வரோணும் ருக்கு" என்றேன். "முன்னாடி நிக்கோணும். போட்டோவுல என்னை மறைச்சாலும் பரவால்ல."

இதை நான் சொன்னேன் என்று யாரும் நம்பப் போவதில்லை. வீட்டுக்காரர் சாட்சி. ஆனால் அவர் இரண்டு பக்கமும் பேசுகிறவர்.

ருக்குமணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போனாள். கதவுக்குப் பின்னால் பெட்டி தயாராக நின்றிருந்தது. பூட்டைத் தேடிக்கொண்டே, "கல்யாண ஊட்டுல ஒரு வாரம் முன்னாலயே ஆள் வேணுமில்ல? அந்த ஷெட்டுல என்னென்ன வேல கெடக்குதோ" என்றாள்.

திரும்பும்போது மூவரும் ஒரே சீட்டில். இனி அழைத்த விருந்தாளி அல்லவா, பக்கத்தில்தான் உட்கார வேண்டும். இன்னொரு கண்ணை நாளைக்கு வெயில் ஏறியதும் திறக்க வேண்டும்.

ஜன்னல் ஓரத்தை அவளே பிடித்துக்கொண்டாள். எனக்குத் தலை சுற்றும் என்று நன்றாகத் தெரிந்தவள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் வளைவு வரை மலையைப் பார்த்துவிட்டு, அப்புறம் குன்னூர் வரை என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள். இதை நான் மறக்கப் போவதில்லை.